பங்களாச் சுவரை மூன்றாகப் பிரியுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு கன்டோன்மென்ட் பக்கத்துப் பழைய பங்களாக்களைப் புதுப்பிப்பது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் "விக்டோரியா காலத் தோற்றம் வேண்டுவோர் தரையிலிருந்து கூரை வரை பூப்போட்ட வினைல் வால்பேப்பர் ஒட்டிவிடலாம்" என்ற ஒரு வரியில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. விக்டோரியா காலத்துச் சுவர் அப்படி இருக்கவில்லை. இந்த ஊர்ச் சுண்ணாம்புச் சுவர் அதைத் தாங்கவும் தாங்காது. அந்த யோசனையை நம்பி யாராவது ரோல் வாங்கிவிடுவதற்குள் இதை எழுதிவிட நினைத்தேன்.

முதலில் காலக்கணக்கு. விக்டோரியா ராணி இறந்தது 1901 ஜனவரியில். மல்லேஸ்வரமும் பசவனகுடியும் 1898-இல் பிளேக் வந்த பிறகு வளர்ந்தவை. ஃபிரேசர் டவுன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. ஜன்னலுக்கு மேல் 'மங்கி டாப்' மரச்சட்டம் தொங்குகிறது என்பதற்காக ஒரு வீடு விக்டோரியா காலத்ததாகிவிடாது. அந்த வீடுகளின் சுவரைச் சுரண்டினால் பெரும்பாலும் வருவது தாள் அல்ல, ஏடு ஏடாகச் சுண்ணாம்பு. வெள்ளை, காவி, மஞ்சள் காவி, நீலம் போட்ட வெள்ளை என்று ஒன்றின் மேல் ஒன்று. பிளேக் காலத்தில் வெள்ளையடிப்பது அழகுக்காக மட்டுமல்ல, நோய்த்தடுப்புக்காகவும்தான். அதனால் "அசல் நிலைக்குக் கொண்டுவருகிறேன்" என்று கிளம்புகிறவர், நேர்மையாகப் பார்த்தால், சுண்ணாம்பையே அடிக்க வேண்டும். அப்படிச் செய்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை.

இருந்தாலும் வால்பேப்பர் மேல் ஆசைப்படுவதில் தவறில்லை. அதன் சரித்திரத்தில் நம் பங்கும் உண்டு. 'இங்கிலீஷ் ஃப்ளோரல்' என்று இன்று கடையில் விரித்துக் காட்டும் கொடியும் பூவும் பல, சோழமண்டலக் கரையில் மெழுகும் சாயமும் கொண்டு எழுதி ஏற்றுமதியான சித்திரத் துணிகளைப் பார்த்துப் போட்டவை. தங்கள் நெசவாளர் பிழைப்புக்காக இங்கிலாந்து 1721-இல் சட்டம் போட்டு அச்சிட்ட பருத்தித் துணியைத் தடுத்தது. தாளில் அந்தப் பூக்கள் தொடர்ந்து பூத்தன. அதே நூற்றாண்டில் அங்கே சீமான்கள் வீட்டில் ஒட்டிய, பறவையும் மூங்கிலுமாகக் கையால் வரைந்த சீனத் தாளுக்கு 'இந்தியா பேப்பர்' என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலில் போனதுதான் காரணம். 1807-இல் பிரான்சில் சூபெர் கம்பெனி 'இந்துஸ்தான்' என்ற பெயரில் அறை முழுக்கச் சுற்றிவரும் காட்சித் தாளை வெளியிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரக்கட்டைகளால் அச்சிட்டது. நம் கோயில்களும் ஆறுகளும் பாரிஸ் வரவேற்பறையில் ஏறிய காலத்தில் இங்கே சுவரில் சுண்ணாம்புதான் இருந்தது.

தாளைப் பார்த்துக் காலம் சொல்வதற்குச் சில கண்ணடையாளங்கள் உண்டு. 1830-களுக்கு முந்தைய தாள் நீளச் சுருளாக வந்ததல்ல. கையால் வார்த்த சிறு தாள்களை ஒட்டி நீட்டி அதன்மேல் அச்சிட்டார்கள். அதனால் விளக்கைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தால் இரண்டடிக்கு ஒன்றாகக் கிடைமட்ட ஒட்டு தெரியும். மரக்கட்டை அச்சில் வண்ணம் தடித்து நிற்கும், விரலால் தடவினால் விளிம்பு தட்டுப்படும். ஓரத்தில் கட்டையைப் பொருத்தக் குத்திய ஊசிப்புள்ளிகளும் இருக்கலாம். 1839-இல் இங்கிலாந்தின் டார்வென் ஊரில் பாட்டர் கம்பெனி உருளை இயந்திரத்தைக் கொண்டுவந்தது. 1712-இலிருந்து சதுர கஜத்துக்கு இத்தனை பென்னி என்று இருந்த வால்பேப்பர் வரியும் 1836-இல் போயிருந்தது. இந்த இரண்டும் சேர்ந்துதான் வால்பேப்பரைச் சாதாரண வீட்டுக்குள் கொண்டுவந்தன. உருளையில் வந்த தாளில் மை மெல்லியது, வடிவத்தின் ஓரத்தில் கொஞ்சம் பிதுங்கி அடர்ந்திருக்கும்.

விக்டோரியா காலத்து இங்கிலீஷ் வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸின் பெயரைச் சொல்லாமல் யாரும் இன்று வால்பேப்பர் விற்பதில்லை. அவர் 'ட்ரெல்லிஸ்' என்ற டிசைனை வரைந்தது 1862-இல், 'அகாந்தஸ்' வந்தது 1875-இல். அகாந்தஸுக்கு மட்டும் 30 கட்டைகள். இயந்திரம் மலிவாக அச்சடித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் கட்டையச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார், விலையும் அதற்கேற்றபடி. எனவே 'அந்தக் கால வீடெல்லாம் மோரிஸ்' என்பது பிற்காலத்துக் கற்பனை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1870-களிலும் 80-களிலும் நாகரிகமான இங்கிலீஷ் அறையில் சுவர் ஒரே துண்டாக இருக்கவில்லை. மூன்றாகப் பிரிந்திருந்தது. தரையிலிருந்து மூன்று, மூன்றரை அடிக்கு டேடோ. அதன் மேல் நடுப்பகுதி. கூரையை ஒட்டி ஃபிரீஸ் என்ற பட்டை. டேடோவில் நாற்காலி இடிக்கும், துடைப்பம் படும் என்பதால் அங்கே உறுதியான சரக்கைப் போட்டார்கள். லினோலியத்தைக் கண்டுபிடித்த ஃபிரெடரிக் வால்டன் 1877-இல் கொண்டுவந்த லின்க்ரஸ்டா அதற்கென்றே பிறந்ததுபோல் பொருந்தியது. ஆளிவிதை எண்ணெயும் மரத்தூளும் சேர்ந்த, புடைத்த வேலைப்பாடுள்ள கெட்டித் தகடு அது. நம் ரயில்வே ஸ்டேஷனிலும் சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் கீழே மூன்றடிக்கு அடர்நிற எண்ணெய்ப் பெயின்ட் அடித்து மேலே வெளிர்நிறம் விட்டிருப்பார்களே, அதுவும் டேடோதான். 1900-ஐ ஒட்டி டேடோ மோகம் குறைந்து, நடுச்சுவரை எளிமையாக விட்டு ஃபிரீஸை மட்டும் அகலமாக்கினார்கள். 1910-ஐ ஒட்டிக் கட்டிய பெங்களூரு பங்களாவுக்கு உண்மையில் பொருத்தமானது இந்தக் கடைசி வகை.

அன்றைய நாகரிகத்துக்காகச் செய்த இந்தப் பிரிவினை, நம் சுவருக்கு மருந்தாகவும் அமைகிறது. பழைய பங்களாவின் அஸ்திவாரம் கருங்கல். ஈரத் தடுப்பு அடுக்கு பலவற்றில் கிடையாது. மண்ணின் ஓதம் செங்கல் வழியாக மேலேறி மூன்றடி உயரத்துக்குள் சுவர் வழியே ஆவியாகப் போகும். சுண்ணாம்புக் காரை அந்த ஆவியை வெளியே விடும், ஈரத்தோடு வந்த உப்பு மேற்பரப்பில் பூக்கும், வருஷத்துக்கு ஒருமுறை துடைத்துவிட்டு ஒரு கை சுண்ணாம்பு அடித்தால் தீர்ந்தது. அதே இடத்தில் வெள்ளை சிமென்ட் புட்டி இரண்டு கோட், எண்ணெய் பிரைமர் ஒரு கோட், மேலே வினைல் என்று மூடினால் ஓதம் போக வழியில்லை. உப்பு புட்டிக்குப் பின்னால் படிகமாகிப் புட்டியையே தள்ளும். முதல் மழைக்காலம் முடியும்போது தாளைத் தட்டினால் பொள்ளென்று சத்தம் கேட்கும். அடுத்த வருஷம் கீழ் ஓரம் புட்டியோடு சேர்ந்து ஓடுபோல் பெயரும். வினைலின் முகத்தில் ரோஜா நிறத் திட்டு தெரிந்தால் அது யாரோ குங்குமக் கையை வைத்ததல்ல. பின்னால் வளரும் பூஞ்சையின் சாயம் வினைலில் ஊறி முன்னால் வருகிறது. துடைத்தால் போகாது.

எனவே கீழ் மூன்றரை அடியில் தாளே வேண்டாம். அங்கே காவி கலந்த சுண்ணாம்பு அடியுங்கள். அதன் மேல் விளிம்பில் இரண்டரை அங்குலத் தேக்குச் சட்டம் ஒன்றைப் பொருத்துங்கள். தாள் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் முடியட்டும்.

இதனால் பணமும் மிச்சமாகும். 12-க்கு 14 அடி அறை, உயரம் 12 அடி என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 52 அடி, சுவரின் பரப்பு 624 சதுர அடி. ஒரு ரோல் 53 சென்டிமீட்டர் அகலம், 10.05 மீட்டர் நீளம், ஏறக்குறைய 57 சதுர அடி. கடைக்காரர் 624-ஐ 57-ஆல் வகுத்து 11 ரோல் என்பார். தவறு. தாளைப் பரப்பாக ஒட்டுவதில்லை, நெடுக்கு வெட்டாகத்தான் ஒட்டுகிறோம். சுற்றளவு 15.85 மீட்டர், அதற்கு 30 வெட்டு வேண்டும். 12 அடி என்பது 3.66 மீட்டர், மேலும் கீழும் சீவ 10 சென்டிமீட்டர் சேர்த்து 3.76. டிசைன் 53 சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்புவதாக இருந்தால் ஒவ்வொரு வெட்டும் முழு எட்டுத் திரும்பல், அதாவது 4.24 மீட்டர். ஒரு ரோலில் இரண்டு வெட்டுதான் கிடைக்கும். ஆக 15 ரோல். நாலு ரோல் குறைந்து பாதியில் நின்று, மறுபடி வாங்கப் போனால் வேறு பேட்ச் வரும். பகலில் ஒன்றாகத் தெரியும் நிறம் ராத்திரி டியூப்லைட்டில் கோடு போட்டுக் காட்டும்.

மூன்றாகப் பிரித்தால்? மூன்றரை அடி டேடோ, ஒன்றரை அடி ஃபிரீஸ் போக நடுவில் ஏழு அடி. அது 2.13 மீட்டர், சீவலோடு 2.23, ஐந்து திரும்பல், 2.65 மீட்டர். ரோலுக்கு மூன்று வெட்டு, 10 ரோல் போதும். ஃபிரீஸ் மட்டும் போதும் என்கிறவர், படுக்கவாட்டில் ஓடும் டிசைனாகத் தேர்ந்தெடுத்தால் சுற்றளவு 15.85 மீட்டருக்கு இரண்டே ரோல்! 15 எங்கே, 2 எங்கே. கதவு ஜன்னலுக்குக் கழிக்கலாமா என்று கேட்பார்கள். கழிக்காதீர்கள். முழுச்சுவர்க் கணக்கில் ஒவ்வொரு ரோலிலும் மிஞ்சும் 1.57 மீட்டர் துண்டு, ஏழடிக் கதவுக்கு மேலுள்ள ஐந்தடிக்குச் சரியாகப் போகும். கழிவு அங்கேதான் ஈடாகிறது. எதுவானாலும் ஒரே பேட்ச் எண்ணில் ஒரு ரோல் கூடுதலாக வாங்கிப் பரணில் வையுங்கள்.

ஒட்டுவதற்கு முன் சுவரைச் சோதியுங்கள். ஓரடிச் சதுர பாலிதீன் துண்டை நாலு பக்கமும் டேப்பால் அடைத்து ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். ஒன்று தரையிலிருந்து ஓரடியில், ஒன்று நாலடியில், ஒன்று கூரைக்குக் கீழே. உள்பக்கம் வேர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. மேல் துண்டு வேர்த்தால் மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட தளம்) ஒழுகுகிறது என்று அர்த்தம். முதலில் தளத்தைப் பாருங்கள், தாள் பிறகு. இந்தச் சோதனையை நவம்பர் கடைசியில் செய்வது நல்லது. பெங்களூருக்குச் செப்டம்பரும் அக்டோபரும்தான் பெருமழை மாதங்கள், சுவர் அப்போது குடித்ததை அதற்குப் பிறகு காட்டும். ஒட்டும் வேலையை ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கறுப்புத் துணி. சுவரைத் தேய்த்தால் துணி வெளுக்கிறதா? பழைய சுண்ணாம்பு அடுக்கு உதிர்கிறது. அதன் மேல் எவ்வளவு நல்ல பசை போட்டாலும் தாள் சுண்ணாம்பைத்தான் பிடிக்கும், சுவரை அல்ல. தானாகக் கழன்று விழுந்த தாளின் முதுகைப் பாருங்கள். வெள்ளை மாவு படிந்திருந்தால் குற்றவாளி சுவர். முதுகு சுத்தமாக இருந்து பசை சுவரில் பளபளத்தால் குற்றவாளி ஒட்டியவர், ஊறவிடாமல் ஒட்டியிருக்கிறார். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் ஒவ்வொரு முறையும் பசைக் கம்பெனியைத் திட்டுகிறார்கள். உதிரும் அடுக்கை நனைத்து, பட்டைத் தகட்டால் கெட்டிக் காரை தென்படும்வரை சுரண்டி எடுங்கள். சிமென்டில் போட்ட பழைய ஒட்டுகளைக் கொத்தி எடுத்து, ஒரு பங்கு நீற்றின சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்த சாந்தால் பூசுங்கள். பூசியபின் குறைந்தது மூன்று மாதம் பொறுங்கள். புதுச் சுண்ணாம்பின் காரம், தங்கப்பொடி மையைக் கறுக்க வைக்கும், பிரஷ்யன் நீலத்தை வெளுக்க வைக்கும்.

பசை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மைதா பசையில் மயில்துத்தம் போட்டால் பூச்சி வராது என்று புத்தகம் பைண்ட் செய்கிறவர்கள் சொல்வார்கள். அட்டைக்குச் சரி. சுண்ணாம்புச் சுவரில் அது வேலைக்காகாது. துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று திராட்சைத் தோட்டத்துக்கு போர்டோ கலவை அடித்தவரைக் கேளுங்கள், நீலமாகப் படியும். மெல்லிய தாளில் அது முன்பக்கம் தெரியலாம். ராமபாணப் பூச்சிக்கு மாவுப் பசைதான் விருந்து. மெத்தில் செல்லுலோஸ் பசையில் அதற்கு அவ்வளவு சாரமில்லை. அதையே நீர்க்கக் கரைத்து முந்தின நாள் சுவருக்கு ஒரு கை பூசிக் காயவிட்டால், சுவர் பசையைச் சட்டென்று உறிஞ்சாது, தாளை நகர்த்திப் பொருத்த நேரம் கிடைக்கும். அதன் மேல் வெற்றுத் தாள் ஒரு அடுக்கைப் படுக்கவாட்டில் ஒட்டி இரண்டு நாள் காயவிட்டு, பிறகு டிசைன் தாளை நெடுக்காக ஒட்டினால் மூட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று விழாது. தேர்வு செய்யும்போது வினைல் முகம் இல்லாத, காகித முகம் உள்ள தாளாகப் பாருங்கள்.

பழைய வீட்டு மூலை எதுவும் நேராக இராது. 12 அடியில் ஒரு அங்குலம் சாய்வது சகஜம். முதல் வெட்டைத் தூக்குக்குண்டு பிடித்துப் போட்ட கோட்டில் ஒட்டுங்கள், கதவு நிலையை நம்பாதீர்கள். மூலையில் அரை அங்குலத்துக்கு மேல் தாளைத் திருப்பக் கூடாது. அங்கேயே வெட்டி, அடுத்த சுவரில் மறுபடி குண்டு பிடித்துத் தொடங்க வேண்டும். முழுத்தாளை மூலையில் மடித்தால் காயும்போது இழுத்து, மூலையை விட்டு வில்போல் விலகி நிற்கும். சாதாரணக் காகிதம் பசையில் நனைந்தால் அகலவாட்டில் அரை சென்டிமீட்டருக்கு மேல் விரியும். ஒரு வெட்டை ஐந்து நிமிஷம் ஊறவிட்டு அடுத்ததைப் பத்து நிமிஷம் ஊறவிட்டால் இரண்டும் ஒரே அளவு விரியாது. மேலே பூவோடு பூ சேரும், கீழே வரும்போது காம்பு தனியாக நிற்கும். எல்லா வெட்டுக்கும் ஒரே நேரம் கொடுங்கள், கடிகாரம் பார்த்து. வேலை முடிந்ததும் சீக்கிரம் காயட்டும் என்று சீலிங் ஃபேனைப் போடுகிறார்கள் பாருங்கள், அதைப்போல் கெடுதல் வேறில்லை. வேகமாகக் காய்ந்த தாள் சுருங்கி மூட்டு வாய் பிளக்கும். ஃபேனை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, ஒரு ராத்திரி விடுங்கள்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கும், சுவரைத் தொடவே கூடாது என்று நினைப்பவர்களுக்கும் 18-ஆம் நூற்றாண்டு முறை ஒன்று இருக்கிறது. சீனத் தாளின் விலைக்குப் பயந்து, அதை நேரே சுவரில் ஒட்டாமல், சுவரை விட்டு விலகி நிற்கும் மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி அதன் மேல் ஒட்டினார்கள். இங்கே காடாத் துணி போதும். முதலில் நனைத்துக் கஞ்சி போக அலசிக் காயவையுங்கள், இல்லாவிட்டால் பசை பட்டதும் சுருங்கிவிடும். ஒரு அங்குலத் தேக்குச் சட்டம், கரையான் மருந்து பூசியது. இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகப் பித்தளை ஆணி. இரும்பு ஆணி துருப்பிடித்துத் தாளில் பழுப்புப் பொட்டு வைக்கும். மேலும் கீழும் விரல் நுழையும் இடைவெளி விட்டால் பின்னால் காற்று ஓடும். வீட்டைக் காலி செய்யும்போது சட்டத்தோடு கழற்றிக்கொண்டு போகலாம்.

கடைசியாக ஒன்று. அபூர்வமாக, பழைய பங்களாவில் பெயின்டுக்கும் சுண்ணாம்புக்கும் அடியில் 19-ஆம் நூற்றாண்டுத் தாள் ஒரு துண்டு கிடைக்கலாம். அது பளிச்சென்ற பச்சையாக இருந்தால் உப்புத்தாளை எடுக்காதீர்கள். ஷீலேயின் பச்சை, 1814-இல் வந்த மரகதப் பச்சை என்ற அந்தக் காலச் சாயங்கள் செம்பும் ஆர்செனிக்கும் சேர்ந்தவை. ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் அந்தத் தாளிலிருந்து பூண்டு வாடையுள்ள விஷ வாயு வரும் என்று 1890-களில் இத்தாலியில் கோசியோ என்ற விஞ்ஞானி காட்டினார். தண்ணீர் தெளித்துத் தூசி எழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முகமூடியும் கையுறையும் போட்டுக் கத்தியால் துண்டாக எடுத்து, பாலிதீன் உறையில் வைத்து மூடி, தேதியும் எந்த அறை, எந்தச் சுவர், தரையிலிருந்து எத்தனை அடி என்பதையும் உறையின் மேல் எழுதிவையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில்.

இப்படிக்கு,
பழைய வீட்டுச் சுவர் வேலை செய்யும் வாசகர்,
காக்ஸ் டவுன், பெங்களூரு